வேனின் பேட்டரியும் ஒரு சந்தேகமும்



நம் இல்லங்களில் சுத்தியல் இல்லாத வீடு இருக்கலாம். டெஸ்டர் இல்லாத வீடு அரிது. கண்ணாடி போன்ற கைப்பிடிக்குள் சிறு விளக்கு, அதன் தலைப்பில் விரல் வைக்க ஓர் உலோகப் பொத்தான். சுவிட்ச் பெட்டியில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க அதைவிட எளிய கருவி இல்லை. அதே டெஸ்டரை ஸ்கூட்டர் பேட்டரியின் முனையில் வைத்துப் பார்த்து, விளக்கு எரியாததைக் கண்டு, பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, நல்ல பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டுக் கொடுத்தவர்களையும் நாம் அறிவோம்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்கு ஒளிர ஏறக்குறைய 60 முதல் 90 வோல்ட் வரை தேவை. வாகன பேட்டரியோ 12 வோல்ட். ஆகவே இன்று வாங்கி வந்த புதிய பேட்டரியில் வைத்தாலும் அது எரியாது. தனக்குத் தெரியாத விவகாரத்தில் அக்கருவியைச் சாட்சிக்கு அழைத்தால் அது வேறென்ன சொல்லும்?

வாகனத்திற்கு உரிய சோதனைக் கருவி வேறு. பட்டறைகளில் அதை டெஸ்ட் லேம்ப் என்பார்கள். 12 வோல்ட் பல்பு ஒன்று; அதிலிருந்து புறப்படும் இரண்டு ஒயர்கள்; ஒன்றின் முனையில் முதலைவாய் போன்ற கிளிப், மற்றொன்றின் முனையில் ஊசி. அவ்வளவுதான். கடைகளில் பேனா வடிவில் ஆயத்தமாகவும் கிடைக்கிறது. சவூதியில் நெடுங்காலம் வாகன மின்பணி பார்த்துவிட்டு ஊர் திரும்பிய காக்கா ஒருவர் எங்கள் மதரஸாவுக்கு அருகில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் தம்முடையதைத் தாமே செய்துகொண்டார்: பழைய இண்டிகேட்டரின் ஹோல்டர், 5 வாட் பல்பு, கோணி ஊசி. "கடையில வாங்குனது தொலைஞ்சா மனசு கெடக்காது ஹஜ்ரத். இது தொலைஞ்சா இன்னொண்ணு பண்ணிக்கிடலாம்" என்பார். இக்கட்டுரையில் உள்ள செய்திகளில் பெரும்பகுதி, அஸர் தொழுகைக்குப் பின் அவருடைய பட்டறையில் அமர்ந்து நாங்கள் கற்றுக்கொண்டவை.

கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டிக்கொண்டு, ஐயத்திற்குரிய இடத்தை ஊசியால் தொட வேண்டும். அங்கே மின்சாரம் வந்து நின்றால் விளக்கு எரியும். ஆனால் அதற்கு முன்பாக ஒரு வேலை உண்டு. ஊசியை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே ஒருமுறை தொட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல்பு உருகியிருந்தாலோ ஒயர் உள்ளே அறுந்திருந்தாலோ, வண்டி முழுவதும் மின்சாரம் இல்லை என்று அது சொல்லிக்கொண்டே போகும். நாமும் நம்பிக்கொண்டே போவோம். வேலை முடிந்த பின்னும் மறுபடி ஒருமுறை பாசிட்டிவ் முனையைத் தொட்டுப் பார்ப்பது காக்காவின் வழக்கம். அறிவிப்பாளரை ஆராயாமல் அறிவிப்பை ஏற்பதில்லை என்று ஹதீஸ் கலையில் படித்திருக்கும் எங்கள் மூத்த மாணவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

ஃபியூஸ் பார்ப்பது எல்லாவற்றிலும் எளிது. இக்காலத்துத் தட்டையான ஃபியூஸ்களின் மேற்புறத்தில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு இரண்டையும் ஊசியால் தொட வேண்டும். இரண்டிலும் விளக்கு எரிந்தால் ஃபியூஸ் நலமாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் அது உருகிவிட்டது. இரண்டிலுமே எரியாவிட்டால் அவ்விடத்திற்கு மின்சாரம் வரவே இல்லை. அதற்கு முந்தைய இடத்தில் தேட வேண்டும். ஃபியூஸைக் கழற்றாமலேயே இவ்வளவும் தெரிந்துவிடும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என நிறங்களும் பெரும்பாலும் பொதுவானவை. சிவப்பு போன இடத்தில் பச்சையைச் செருகுவதும், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் நம்மூரில் சாதாரணம். அப்போது ஃபியூஸ் உருகாது, ஒயர் உருகும். பிள்ளைகளை ஏற்றும் வண்டியில் அப்படிச் செய்யலாமா என்று ஒருவர் எங்களிடம் மஸ்அலா கேட்டார். இது மஸ்அலா கேட்கும் விஷயமே அல்ல என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

எங்கள் ஊர் கடற்கரை ஊர். இங்கே வாகனங்களின் மின்கோளாறுகளில் பெரும்பங்கு, மின்சாரம் போகும் வழியில் இருப்பதில்லை. திரும்பி வரும் வழியில்தான் இருக்கிறது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து விளக்குக்குப் போகும் மின்சாரம், வண்டியின் இரும்புக் கூட்டின் வழியாகவே நெகட்டிவுக்குத் திரும்புகிறது. அதைத்தான் எர்த் என்கிறார்கள். கூட்டில் ஒரு போல்ட்டை வைத்து அந்த ஒயரை இறுக்கியிருப்பார்கள். உப்புக்காற்று அந்த போல்ட்டின் அடியில் துருவையும், செம்புக் கம்பியின் மேல் பச்சைக் களிம்பையும் ஏற்றிவிடுகிறது. ஒரு பக்கத்து ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிவது, இண்டிகேட்டரைப் போட்டால் ஹெட்லைட்டும் கூடவே கண் சிமிட்டுவது ஆகியவை இதன் அடையாளங்கள். பலர் பல்பை மாற்றுகிறார்கள். பிறகு இன்னும் விலையுயர்ந்த பல்பை மாற்றுகிறார்கள்.

இங்கே டெஸ்ட் லேம்பைத் தலைகீழாகப் பயன்படுத்த வேண்டும். கிளிப்பை பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, அந்த எர்த் ஒயரின் முனையை ஊசியால் தொட்டால், வழி சீராக இருக்கும்போது விளக்கு முழு வெளிச்சத்துடன் எரியும். மங்கினால் வழியில் அடைப்பு இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பின் மேலே சிறிது பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் மழைக்காலம் கடந்துவிடும். செலவு ஏதுமில்லை. எங்கள் வேனில் ஐப்பசி மழைக்கு முன்னதாக ஆண்டுதோறும் இதைச் செய்துவிடுகிறோம்.

மல்டிமீட்டர் இருக்கும்போது இந்தப் பல்பு எதற்கு என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பத்துப் பன்னிரண்டு இழைகள் கொண்ட ஒயரில் ஓர் இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருந்தால், மல்டிமீட்டர் அங்கே 12 வோல்ட் என்றே காட்டும். ஏனெனில் அது மின்சாரத்தை எடுத்துக்கொள்வதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவாக எடுக்கிறது. டெஸ்ட் லேம்ப் எரிவதற்கோ உண்மையிலேயே மின்சாரம் ஓட வேண்டும். இழை மிகவும் பழுதாகியிருந்தால் அது மங்கக்கூடும். பேட்டரியின் நிலையை அறிய மல்டிமீட்டர் வேண்டும், ஒயரின் வலுவை அறிய விளக்கு வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு புதிய பேட்டரியின் விலையில் சிறு பகுதிகூட ஆகாது.

இவ்வளவையும் நாங்கள் கற்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

மதரஸாவின் வேன், வெளிநாட்டில் உழைக்கும் ஊர்மக்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. காலையில் இரண்டு நடை போய்ப் பிள்ளைகளை அழைத்து வரும். அதை ஓட்டுபவர் ஐம்பது வயதைக் கடந்தவர். ஆறு ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறார். அந்த ஆண்டில் சனிக்கிழமை காலைகளில் வேன் கிளம்பவில்லை. எல்லாச் சனியும் அல்ல, மாதத்தில் இரண்டு மூன்று. பிள்ளைகள் தெருமுனைகளில் நின்றார்கள், பெற்றோர் தொலைபேசியில் அழைத்தார்கள், யாராவது வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பினார்கள். நிர்வாகம் புது பேட்டரி வாங்கியது. சில மாதங்களில் பழைய கதையே தொடங்கியது. மீண்டும் ஒரு பேட்டரி.

நிர்வாகக் குழுவில் சிலருக்கு அப்போது ஒரு கணக்குத் தோன்றியது. மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலை நிறுத்தப்படும் வேன் சனி காலையில்தான் மறுபடி கிளம்ப வேண்டும். மற்ற நாட்களில் வராத கோளாறு அன்று மட்டும் வருகிறது என்றால், வெள்ளிக்கிழமை யாரோ வண்டியை எடுக்கிறார்கள். சாவி ஓட்டுநரிடம் இருக்கிறது. எனவே அவர்தாம் வாடகைக்கு ஓட்டிவிட்டு, விளக்கையோ ரேடியோவையோ அணைக்காமல் நிறுத்துகிறார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கிலோமீட்டர் காட்டும் முள் வேலை செய்திருந்தால் அன்றே தெளிவாகியிருக்கும். அது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

கூட்டத்திற்கு அவர் அழைக்கப்பட்டார். கேட்டார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "வெள்ளிக்கிழமை நான் எடுக்கல. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார். அவருடைய இளைய மகள் எங்களிடம்தான் ஓதிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை.

உறுதியாகத் தெரிந்த ஒன்று வெறும் ஐயத்தால் நீங்கிவிடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. வுளூச் செய்தது உறுதி, முறிந்ததா என்பது ஐயம் என்றால், வுளூ இருப்பதாகவே கொள்கிறோம். ஆண்டுதோறும் இதைப் பாடமாக நடத்துகிறோம். ஆறு ஆண்டு நாணயம் உறுதியானது, வெள்ளிக்கிழமைக் கதை ஐயத்திற்குரியது. வேலையை விட்டு நிறுத்துமுன் வண்டியை ஒருவர் சோதிக்கட்டும் என்று நாங்கள் நிர்வாகத்திடம் கேட்டோம். ஒரு வாரம் கொடுத்தார்கள்.

புதன்கிழமை இஷாவுக்குப் பின் காக்கா வந்தார். ஓட்டுநரும் வந்து ஓரமாக நின்றார். சாவி எடுக்கப்பட்டது, கதவுகள் சாத்தப்பட்டன, எல்லா விளக்குகளும் அணைக்கப்பட்டன. காக்கா பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, டெஸ்ட் லேம்பின் கிளிப்பைக் கேபிளிலும் ஊசியை பேட்டரி முனையிலுமாக வைத்தார். இப்போது வண்டியில் எங்கேனும் மின்சாரம் ஓடுவதாயின், அந்த விளக்கின் வழியாகத்தான் ஓட வேண்டும். எதுவும் ஓடவில்லையானால் அது எரியக் கூடாது.

எரிந்தது. முழு வெளிச்சமல்ல, அணையப்போகும் அகல்போல மங்கலாக.

"எங்கயோ குடிக்குது" என்றார். ஊசியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஹாரன், ஹெட்லைட், வைப்பர். எதற்கும் விளக்கு அசையவில்லை. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கியபோது அணைந்தது. மறுபடி செருகியபோது எரிந்தது. அது வண்டிக்குள் இருக்கும் விளக்குகளுக்கானது. ஆனால் உள்விளக்கு அணைந்துதான் இருந்தது. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காக்கா டார்ச்சை அணைக்கச் சொன்னார். பின்னால் போய், விழாக்களுக்கு விரிக்கும் பிளாஸ்டிக் பாய்ச் சுருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கடைசிச் சுருளை எடுத்ததும் பக்கச் சுவரில் செந்நிறமாய் ஒரு சிறு ஒளி தெரிந்தது. பின்கதவைத் திறந்தால் எரியவும் சாத்தினால் அணையவும் வேண்டிய விளக்கு. கதவின் விளிம்பில் அதற்கென இருந்த பொத்தான் துருவேறி, உள்ளே அமுங்காமல் நின்றுவிட்டது. பாய்களுக்குப் பின்னால் இரவும் பகலும் அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஏன் அவ்வளவு மங்கல் என்று கேட்டோம். இரண்டும் 5 வாட் பல்புகள். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது 12 வோல்ட்டை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன என்றார். கேபிளை நேரடியாக பேட்டரியில் மாட்டியபோது பின்விளக்கு பளிச்சென்று எரிந்தது.

கணக்கை எங்கள் மாணவர்களே போட்டார்கள். 5 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 0.4 ஆம்பியர். சாதாரண இரவில் பன்னிரண்டு மணி நேரம். 5 ஆம்பியர்-மணி செலவு. மறுநாள் ஓட்டத்தில் பெரும்பாலும் நிரம்பிவிடும். வியாழன் மாலை 5 மணி முதல் சனி காலை 6 மணி வரை 37 மணி நேரம். செலவு ஏறக்குறைய 15 ஆம்பியர்-மணி. வண்டியின் பேட்டரியோ 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது, அதுவும் அடிக்கடி வற்றி வற்றித் தளர்ந்தது. வெள்ளிக்கிழமை யாரும் வண்டியைத் தொடவில்லை என்பதுதான் சனிக்கிழமை அது கிளம்பாததற்குக் காரணம்.

குற்றச்சாட்டு எந்த மேசையில் எழுந்ததோ அந்த மேசையிலேயே, அதே நபர்கள் இருக்கும்போதே மன்னிப்பும் கேட்கப்பட வேண்டும் என்று நிர்வாகத் தலைவர் சொன்னார். அவ்வாறே நடந்தது, அதற்காக அவருக்கு எங்கள் துஆ உண்டு. ஓட்டுநர் மன்னித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: இனி வியாழன் மாலை சாவி அலுவலகத்தில் தொங்க வேண்டும், சனி காலை அங்கிருந்தே அவர் எடுப்பார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவர் இணங்கவில்லை. சாவி இன்றும் அங்கேதான் தொங்குகிறது. அவருடைய மகள் மறுவாரம் வகுப்புக்கு வந்தாள்.

இதைப் படித்துவிட்டு வண்டியைத் திறந்து சோதிக்க விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. பேட்டரியைத் தொடுமுன் கையிலுள்ள வெள்ளி மோதிரத்தைக் கழற்றுங்கள். ஸ்பேனருக்கும் இரும்புக்கும் நடுவே மோதிரம் சிக்கினால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், விரலோடு. பெண்கள் வளையலையும் கழற்றிவிட வேண்டும். கேபிளைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அருகில் தீப்பொறி ஆகாது. ஒயரின் மேலுறையை ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியே எங்கள் ஊர்க் காற்று உள்ளே போனால் ஆறு மாதத்தில் அங்கேயே களிம்பு பிடிக்கும். கனெக்டரின் பின்புறமாக முனையைத் தொடுவதே முறை. பேருந்து, லாரிகளில் 24 வோல்ட். 12 வோல்ட் பல்பு அங்கே உருகிவிடும்.

புதிய கார்களில் இன்னும் கவனம் தேவை. மஞ்சள் கனெக்டர் உள்ள ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றின் அருகே எந்தச் சோதனைக் கருவியும் போகக் கூடாது. எஞ்சினின் கணினிப் பெட்டிக்குச் செல்லும் ஒயர்களில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் கூடாது. அது இழுக்கும் மின்சாரத்தை அப்பெட்டி தாங்காமல் போகலாம். மின்சார வாகனங்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் கொண்டவை. மேற்சொன்ன கேபிள் கழற்றும் சோதனையும் பழைய வண்டிகளுக்கே பொருந்தும். புதிய கார்களில் கணினிகள் உறங்கச் சில நேரம் சிறிது, சில நேரம் அதிகம் காத்திருக்க வேண்டும். உறங்கிய பின்னும் ஏறக்குறைய 50 மில்லியாம்பியர் வரை எடுப்பது இயல்பே. அந்தச் சோதனை நடக்கும்போது சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகும் மாணவி ஒருவரின் தாயார் சென்ற வாரம் ஒன்று கேட்டார்: செல்ஃப் பொத்தானை அழுத்தினால் டிக் என்ற சத்தம் மட்டுமே வருகிறது, கடையில் பேட்டரி மாற்ற வேண்டும் என்கிறார்கள், மாற்றலாமா? அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரியைக் காலையில் அளந்து பாருங்கள். 12.6 அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.0 அளவில் இருந்தால் ஏறத்தாழ வற்றிவிட்டது. அடுத்து, ஒருவர் செல்ஃப் பொத்தானை அழுத்தும்போதே மற்றவர் அளவைப் பார்க்கட்டும். 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி. 12-ஐ விட்டு அசையாமல் நின்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. ரிலேயையோ எர்த் ஒயரையோ பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போதும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. இந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, வண்டியோடு கடைக்காரரிடம் கொடுங்கள்.